காரில்லாமல் சிங்க்வே தெர்ரேயும் அமல்ஃபியும்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு போகலாமா?

ஜூன் மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் இத்தாலி வருகிறீர்கள், ரோமில் இறங்குகிறீர்கள், கார் எடுக்க விருப்பமில்லை, வடக்கே ஜெனோவா பக்கத்து ஐந்து கடலோரக் கிராமங்களான சிங்க்வே தெர்ரே, தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்து அமல்ஃபி கரை இரண்டையும் ரயிலிலும் பஸ்ஸிலும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் "அம்மாவுக்குக் கொஞ்சம் முழங்கால் வலி உண்டு" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். போய்ச்சேர முடியுமா என்றால் தாராளமாக முடியும், இரண்டு இடத்துக்கும் கார் தேவையே இல்லை. ரயிலை விட்டோ பஸ்ஸை விட்டோ இறங்கிய பிறகு எத்தனை படி, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வைத்துத்தான் எங்கே தங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

நான் ஜெனோவாவில் பல வருடங்களாக இருக்கிறேன். லிகூரியக் கரையின் ரயில் எனக்கு வேலைக்குப் போகிற ரயில், ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற ரயிலும் அதுதான். தெற்கே அமல்ஃபிப் பக்கம் நான் சுற்றுலாவாகத்தான் போய்வந்திருக்கிறேன். அதனால் வடக்கைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கைப் பற்றிச் சொல்வதில் பஸ் நேரத்தையும் படகு நேரத்தையும் மட்டும் அந்த வாரத்து அட்டவணையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பொறுத்தவரை நான் டாக்டர் இல்லை, படியை எண்ணிச் சொல்ல மட்டும்தான் முடியும்.

படங்களில் பார்த்தால் இரண்டு கரையும் ஒன்றுபோலத் தெரியும். பாறை, அடுக்கடுக்காக வண்ண வீடுகள், கீழே கடல். போக்குவரத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சிங்க்வே தெர்ரே ரயிலின் கரை. ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெட்சியா வரை கடலை ஒட்டி மலையைக் குடைந்து போட்ட பாதை 1874-இல் முழுமையாகத் திறந்தது. ஐந்து கிராமத்துக்கும் தனித்தனி நிலையம் உண்டு. அங்கே சாலை வழியாகப் போவதுதான் சிரமம். அமல்ஃபி கரைக்கு ரயிலே கிடையாது. மேற்கே சொரென்டோவிலும் கிழக்கே சலேர்னோ, வியெத்ரி பக்கமும் தண்டவாளம் முடிந்துவிடும். நடுவில் இருப்பது மலையைச் செதுக்கிப் போட்ட ஒரு குறுகிய சாலை, அதில் பஸ். அதோடு கடலில் படகு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

முதலில் சிங்க்வே தெர்ரே. தெற்கிலிருந்து வடக்காக ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொன்டெரோஸ்ஸோ என்று ஐந்து ஊர். இந்தப் பக்கம் லா ஸ்பெட்சியா, அந்தப் பக்கம் லெவான்டோ. இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்திலும் நின்று நின்று போகிற ரயிலுக்கு சிங்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெயரில்தான் எக்ஸ்பிரஸ், ஆள் பாசஞ்சர்தான். சீசனில் மணிக்கு இரண்டு மூன்று ரயில் வரும். ஸ்பெட்சியாவிலிருந்து ரியோமஜ்ஜோரேக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கிருந்து ஊருக்கு ஊர் சில நிமிடங்கள், அதிலும் பாதிக்கு மேல் சுரங்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கனவு காண வேண்டாம். இருட்டு, திடீரென்று ஒரு நீலக் கீற்று, மறுபடி இருட்டு, அதற்குள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும்.

ஊர் ஊராக முழங்கால் கணக்கைச் சொல்கிறேன். மொன்டெரோஸ்ஸோ ஐந்திலும் சமதளமானது. நிலையம் ஃபெஜினா என்கிற புதிய பகுதியில், கடற்கரைக்கு எதிரிலேயே இருக்கிறது. ஒரு சிறு சுரங்கப்பாதை வழியாகப் பழைய ஊருக்கு நடந்துவிடலாம். ஐந்தில் சொல்லிக்கொள்ளும்படி மணல் கடற்கரை உள்ளதும் இங்கேதான். வெர்னாட்சாவில் நிலையம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. படி இறங்கினால் முக்கியத் தெரு, அது மெல்லச் சரிந்து நேராகத் துறைமுகத்தில் கொண்டு விடும். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி வெள்ளத்தில் சேறும் கல்லும் அடித்துக்கொண்டு வந்து மூடியது இதே தெருவைத்தான். மொன்டெரோஸ்ஸோவும் அன்று மோசமாக அடிபட்டது. இன்று போகிறவர்களுக்கு அதன் சுவடு தெரியாது. மனரோலாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் நிலையத்திலிருந்து ஊருக்கு நடைச் சுரங்கம் போகிறது, அது சமதளம். ஆனால் ஊருக்குள் நுழைந்துவிட்டால் ஏற்றமும் இறக்கமும்தான். படகுத் துறை வரை இறங்கலாம், வீடுகளுக்கு நடுவே மேலே ஏறுவதை அம்மா விட்டுவிடலாம்.

கொர்னீலியா தனி ரகம். ஊர் கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில், பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலையம் கீழே. நடுவில் 380-க்கு மேற்பட்ட படிகள், வளைந்து வளைந்து ஏறும். நிலையத்து வாசலிலிருந்து ஒரு சிறிய பஸ் மேலே போய்வருகிறது, அம்மா அதில்தான் ஏற வேண்டும். ரயில் வந்ததும் கூட்டம் மொத்தமும் அந்தச் சின்ன பஸ்ஸை நோக்கி ஓடும். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்து போங்கள். நேரம் குறைவாக இருந்தால் ஐந்தில் ஒன்றை விடலாம் என்றால் இதைத்தான் விடச் சொல்வேன். எனக்குப் பிடித்த ஊர் அதுதான் என்பது வேறு விஷயம்.

நடக்கிற ஆசை அப்பாவுக்கு இருந்தால், ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே கடல் மேல் தொங்குகிற வியா தெல்லமோரே பாதை இருக்கிறது. 2012-இல் பாறை சரிந்து மூடியது, 2024 கோடையில்தான் மறுபடி திறந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை, அம்மாவும்கூட மெல்ல நடந்துவிடலாம். ஆனால் நேரம் குறித்து முன்பதிவு செய்து, தனிக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக முடியும். வெர்னாட்சாவிலிருந்து மொன்டெரோஸ்ஸோ போகிற மலைப்பாதை இதன் தம்பி என்று நினைத்து ஏறிவிடாதீர்கள். அது கல் படியும் செங்குத்துமாக வேர்க்க வைக்கிற பாதை. மழை பெய்தால் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள், அன்று காலை தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

டிக்கெட் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் அபராதம் கட்டுகிறார்கள். இது வட்டார ரயில், இதற்கு இருக்கை எண் கிடையாது, முன்கூட்டி வாங்குவதால் விலை குறையவும் செய்யாது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கினால் ஏறுவதற்கு முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். வெளிநாட்டுக்காரர், தெரியாது என்கிற கதையைப் பரிசோதகர் தினமும் கேட்கிறார். சீசனில் ஒற்றைப் பயணக் கட்டணம் தூரத்தோடு ஒப்பிட்டால் அதிகம், நாளைப் பொறுத்தும் மாறுகிறது. மூன்று நான்கு முறை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் ரயிலோடு சேர்ந்த சிங்க்வே தெர்ரே கார்டு வாங்குங்கள். அன்று முழுக்க லெவான்டோ முதல் ஸ்பெட்சியா வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், கொர்னீலியாவின் சின்ன பஸ்ஸும் அதில் அடக்கம். ட்ரெக்கிங் கார்டு என்று இன்னொன்று உண்டு. அது நடைபாதைக்கு, அதில் ரயில் வராது. பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

தங்குவதற்கு ஐந்து கிராமத்துக்குள் வேண்டாம் என்பது என் கருத்து, மொன்டெரோஸ்ஸோ மட்டும் விதிவிலக்கு. மற்ற ஊர்களில் நல்ல காட்சி என்று விளம்பரம் செய்கிற அறை எப்போதும் மேலே இருக்கும், பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். லெவான்டோவைப் பாருங்கள். பரந்த கடற்கரை, சமமான தெருக்கள், அறை வாடகையும் பொதுவாகக் குறைவு, மொன்டெரோஸ்ஸோ ஐந்தாறு நிமிட ரயில். நிலையத்திலிருந்து கடலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை, பெட்டியோடு வருகிற நாளில் டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ரயில் பாதையை உள்ளே தள்ளிப் போட்ட பிறகு, கடலோரத்துப் பழைய ஒற்றைப் பாதையின் சுரங்கங்களை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவிட்டார்கள். லெவான்டோவிலிருந்து பொனஸ்ஸோலா வழியாக ஃப்ரமூரா வரை போகிறது. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் மட்டமாக இருக்கும். சுரங்கத்துக்குள் குளிர்ச்சி, வெளியே வந்தால் காலடியில் கடல். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல நடை எனக்குத் தெரியாது. லா ஸ்பெட்சியா தங்குவதற்கு வசதியான பெரிய ஊர், தூர ரயில்கள் நிற்கும், நிலையத்தில் பெட்டி வைத்துவிட்டுப் போக இடமும் உண்டு. ஆனால் அது கடற்படை ஊர், கடல் பார்க்க வந்தவர்களுக்கு மனம் நிறையாது. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி போனால் போர்த்தோவெனெரே வருகிறது, அதற்கு ரயில் இல்லை. ஐந்து ஊருக்கும் போட்டி என்று சொல்லத்தக்க இடம், கூட்டம் கொஞ்சம் குறைவு.

இனி அமல்ஃபி. எல்லாப் பயணக் குறிப்பும் நேப்பிள்ஸிலிருந்து சொரென்டோ, அங்கிருந்து பஸ் என்று சொல்லும். வழி சரிதான். நேப்பிள்ஸ் மத்திய நிலையத்துக்கு அடியில் சிர்க்கும்வெசுவியானா என்று ஒரு தனி ரயில் ஓடுகிறது. பொம்பெயி இடிபாடுகள் வழியாக ஒரு மணிக்குச் சற்று மேல் ஓடி சொரென்டோ சேரும். பெரிய ரயிலின் டிக்கெட் இதில் செல்லாது, இருக்கை எண் இல்லை, ஜூனில் புழுக்கமும் நெரிசலும் உண்டு, பையை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். உட்கார இடம் வேண்டுமானால் அது கிளம்புகிற போர்த்தா நோலானா நிலையத்துக்கே போய் ஏறுங்கள், ஒரு நிறுத்தம்தான் முன்னால். சீசனில் இதே தடத்தில் கம்பானியா எக்ஸ்பிரஸ் என்று நிறுத்தங்கள் குறைந்த ரயிலும் சில முறை ஓடும், கட்டணம் கூட.

சொரென்டோ நிலையத்து வாசலிலேயே சீட்டா (SITA) என்கிற நிறுவனத்தின் பஸ் நிற்கும். பொசிடானோ வழியாக அமல்ஃபிக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆகும். கடல் வலது பக்கம், அங்கே இடம் பிடிக்கத்தான் போட்டி. வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்தால் ஒன்று பின்வாங்கி வழிவிட வேண்டும், ஓட்டுநர்கள் அதைக் காப்பி குடிக்கிற நிதானத்தோடு செய்வார்கள். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். இதுவரை சொன்னது உறுதி. உறுதி சொல்ல முடியாதது, நடுவழியில் உங்களுக்கு இடம் கிடைக்குமா என்பது. பஸ் கிளம்புகிற இடத்திலேயே நிறைந்துவிட்டால் பொசிடானோ நிறுத்தத்தில் கையைக் காட்டினாலும் நிற்காமல் போகலாம். அடுத்தது எப்போது, அதில் இடம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வெயிலில், உட்கார ஒரு திண்டு இல்லாத ஓரத்தில், முழங்கால் வலியோடு ஒரு மணி நேரம் நிற்பது உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

அதனால் நான் சொல்கிற வழி எதிர்ப்பக்கத்திலிருந்து. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேராக சலேர்னோ, சுமார் இரண்டு மணி நேரம், நேப்பிள்ஸில் மாற வேண்டியதில்லை. சலேர்னோ ஒரு சாதாரண துறைமுக ஊர். கடலோரம் நீளமான சமமான நடைபாதை, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற கடைகள், நியாயமான வாடகை. ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் பியாட்சா தெல்லா கொன்கோர்தியா படகுத் துறை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வாக்கில் வரை படகு ஓடும். அமல்ஃபிக்கு முக்கால் மணிக்குள், பொசிடானோவுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். பஸ்ஸைவிட விலை அதிகம்தான், ஆனால் உட்கார்ந்து போகலாம், கரையின் அழகு கடலிலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். சாயங்காலத்தோடு கடைசிப் படகும் போய்விடும். இந்த இரண்டுக்கும் மாற்று வழியாகத்தான் சலேர்னோ பஸ், ஒன்றேகால் மணி நேரம்.

அமல்ஃபியில் படகுத் துறையும் பஸ் நிறுத்தமும் அருகருகே, கடல் மட்டத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து தேவாலயச் சதுக்கம் சமதளம், தேவாலயத்தின் உயரமான படிக்கட்டைக் கீழே உட்கார்ந்து பார்த்தாலும் போதும். ரவெல்லோ மலை மேல் 350 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அம்மாவுக்கு ஏற்ற ஊர். அமல்ஃபியிலிருந்து பஸ் அரை மணியில் மேலே கொண்டு விடும், சதுக்கமும் வில்லா ரூஃபோலோ தோட்டமும் பக்கத்திலேயே. பொசிடானோதான் தொல்லை. ஊர் முழுக்கப் படிக்கட்டு, பஸ் நிற்பது மேலே, கடற்கரை கீழே. படகில் போய்க் கரையோரம் மட்டும் பார்த்துவிட்டு அதே படகில் திரும்பிவிடலாம். மேலே போகத்தான் வேண்டுமென்றால் ஊருக்குள் சுற்றுகிற சின்ன பஸ் உண்டு. மினோரி, மயோரி இரண்டும் சமதளம், பெயர் பெறாததால் மூச்சுவிட இடம் இருக்கும்.

பத்து நாளில் இரண்டு கரையும் முடியுமா? முடியும். ஆனால் சலேர்னோவிலிருந்து லா ஸ்பெட்சியா போக ஒரு பகல் ரயிலிலேயே கழியும். ரோமும் ஃபுளோரன்ஸும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் ஒரு கரையை விடுங்கள், அப்படி விடுவதென்றால் அமல்ஃபியை விடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ரோமில் இறங்கி முதலில் சலேர்னோ மூன்று இரவு, பிறகு வடக்கே லெவான்டோ மூன்று இரவு, திரும்புகிற விமானத்தை மிலானிலிருந்து போடுங்கள். லா ஸ்பெட்சியாவிலிருந்து மிலானுக்கு இன்டர்சிட்டி ரயில் மூன்று மணி நேர அளவு. ஜூன் 2 குடியரசு தினம், அன்றும் அதை ஒட்டிய வார இறுதியிலும் கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம்.

இந்த இரண்டு பெயரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடலோர ஊர் வேண்டும், நடக்கச் சுலபமாக வேண்டும் என்றால் தென்கிழக்கே புல்யா மாநிலத்தின் பொலின்யானோவும் மொனோப்போலியும் இருக்கின்றன. பாரியிலிருந்து லெச்சே போகிற ரயில் பாதையிலேயே, ஏறக்குறைய மட்டமான ஊர்கள். சிசிலியின் செஃபலூ பலெர்மோவிலிருந்து ஒரு மணிக்குள். பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெல்லெக்ரினோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குச் சைவத் தமிழர்களும் ஏறிப் போய் நேர்ந்துகொள்வார்கள். ரோமிலிருந்து சிசிலி போகிற ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கிறார்கள். அப்பா ரயில் பிரியர் என்றால் அது ஒன்றே போதும்.

சில நடைமுறை விஷயங்கள். நிலையத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்படும் ரயில்கள், வெள்ளைத் தாள் வந்துசேரும் ரயில்கள். மின்பலகையில் பெரிதாகத் தெரிவது ரயில் முடிகிற ஊர் மட்டும்தான். வெர்னாட்சா என்று தேடினால் கிடைக்காது, லெவான்டோ அல்லது லா ஸ்பெட்சியா என்று தேட வேண்டும். அட்டவணையில் குறுக்காக இரண்டு சுத்தியல் போட்டிருந்தால் திங்கள் முதல் சனி வரை, சிலுவை போட்டிருந்தால் ஞாயிறும் விடுமுறையும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறையும். பஸ் டிக்கெட்டை 'டி' எழுத்துப் பலகை மாட்டிய தபாக்கி என்கிற புகையிலைக் கடைகளில் முன்னாலேயே வாங்குங்கள். மதியமும் ஞாயிறும் பல கடைகள் சாத்தியிருக்கும், அதனால் திரும்புவதற்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வேலைநிறுத்தம் இங்கே அடிக்கடி நடக்கும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் ஒரு பகுதி கட்டாயம் ஓட வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. ஊர் மாறுகிற நாள் அப்படி அமைந்தால் அந்த நேரத்துக்குள் நகர்ந்துவிடுங்கள். நடைமேடை மாற லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உதவ ஸாலா ப்ளூ என்று ஒரு சேவை முக்கிய நிலையங்களில் இருக்கிறது, கட்டணம் இல்லை, ஆனால் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எழுதுங்கள்: அம்மாவுக்கு வலி படி ஏறும்போதா, இறங்கும்போதா? நான் சொன்னதெல்லாம் ஏறும்போது வலி என்று வைத்துக்கொண்டு. இறங்கும்போதுதான் வலி என்றால், வெர்னாட்சாவில் தெருச் சரிவில் இறங்குவதற்குப் பதில் மொன்டெரோஸ்ஸோவிலிருந்து படகில் நேராகத் துறைமுகத்துக்கே போய், மெல்ல மேலே நடந்து ரயில் பிடிக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். தேதிகளையும் சேர்த்து எழுதினால் எந்த நாள் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்கிறேன்.